அவுரிக்கு உரம் ஆகாது

அவுரிச் செடிக்கு உரம் ஆகாது. இதை நான் வாசலிலேயே சொன்னேன். உங்கள் ஆட்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒருவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

அதன் வேரில் கடுகு கடுகாக முடிச்சுகள் இருக்கும். தனக்கு வேண்டிய சத்தை மண்ணுக்குள் அதுவே தயார் செய்துகொள்ளும். நாம் மேற்கொண்டு எதையாவது போட்டால் கொழுத்துப்போய் இலையாகத் தள்ளும், பூக்காது. அப்படிப்பட்ட செடிக்கு அடியில் ஒரு முழு ஆளைப் புதைத்திருப்பேன் என்று நினைத்தீர்கள். என்னைக் கொலைகாரன் என்று சந்தேகப்பட்டதில் எனக்கு வருத்தமில்லை, ஐயா. இவ்வளவு மோசமாகச் செடி வளர்ப்பவன் என்று நினைத்துவிட்டீர்களே, அதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இப்போது டீ வாங்கிக் கொடுத்து, "பெரியவரே, மனசுல வச்சுக்காதீங்க, புகார் வந்தா நாங்க பார்த்துத்தானே ஆகணும்" என்கிறீர்கள். வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒரு தப்பான தகவலை உங்கள் தலையில் விட்டுவிட்டு நான் வீட்டுக்குப் போவது முறையாகாது. என் மச்சான் என் தோட்டத்தில்தான் இருக்கிறான். நீங்கள் தோண்டியது தப்பான மூலை.

சிரிக்கிறீர்கள். சிரிப்பீர்கள் என்று தெரியும். முடிவெட்டுகிறவர் உங்களிடமும் சொல்லியிருப்பார், இந்தக் கிழவன் வாயைத் திறந்தால் புளுகு என்று. அதை நான் மறுக்கவில்லை. தொழிற்சாலையில் கனத்த இயந்திரங்களை இடம் மாற்றும் வேலையில் இருந்தவன் நான். ஒரு முறை முதலாளி தூங்கிக்கொண்டிருந்தபோது தொழிற்சாலையையே ஓர் அடி இடப்பக்கம் நகர்த்தினேன், அவர் எழுந்து வாசல் என்று நினைத்துச் சுவரில் போய் முட்டிக்கொண்டார் என்று அந்தக் கடையில் பல தடவை சொல்லியிருக்கிறேன். அவுரி இலையைத் தின்ற ஆடு நீலப்பால் கறந்தது என்றும் சொல்லியிருக்கிறேன். யாருக்கும் கெடுதல் இல்லை.

அதே கடையில்தான் இதையும் சொன்னேன். மச்சான் கண்ணில் படவில்லை என்றதும் முடிவெட்டுகிறவர் கேட்டார்.

"என்ன புளுகரே, மச்சானைக் காணோம்? கார் ஓட்டக் கத்துக்கொடுக்குறேன்னு எந்தப் பொண்ணையாவது கூட்டிக்கிட்டுப் போயிட்டாரா?"

"அவன் எங்கேயும் போகலை. ரோஜாவுக்கு அடியில இருக்கான்."

"பார்த்து, முள்ளு குத்திடப் போகுது."

"குத்தினாலும் அவனுக்குத் தெரியாது."

கடையில் உட்கார்ந்திருந்த எல்லோரும் சிரித்தார்கள். சவரம் செய்துகொண்டிருந்தவர் கன்னத்தில் கீறல் விழுந்தது. அவர்கூடக் கோபித்துக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டு டீச்சரிடமும் சொன்னேன். "ஐயா, உங்க ரோஜா தட்டு மாதிரி பூக்குதே, என்னதான் போடுறீங்க?" என்று மதில்மேல் எட்டிப்பார்த்துக் கேட்டார். "மச்சானைப் போட்டேம்மா" என்றேன். "உங்ககிட்ட வாயைக் கொடுக்க முடியுமா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் எதையும் மறைக்கவில்லை என்பதற்கு ஊரே சாட்சி.

நியாயமாக இதை என் வீட்டுக்காரியிடமிருந்து தொடங்கவேண்டும். அவுரி அவள் வைத்தது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவள் தம்பி மாடி அறையில் இருந்தான், டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். பின்கட்டில் ஒரு மூலையில் அவளுடைய அவுரி, எதிர்மூலையில் அவன் வைத்த ரோஜா, நடுவில் துணி துவைக்கும் கல்லும் தண்ணீர்த் தொட்டியும். இவ்வளவுதான் எங்கள் உலகம்.

அவுரி என்றால் நீலம் என்று நினைப்பீர்கள். நீலம் இலைக்குள் ஒளிந்திருக்கும். பூ ரோஸ் நிறம், கொஞ்சம் ஊதா கலந்தது, கொத்துக் கொத்தாகக் கிளையிலிருந்து நிமிர்ந்து நிற்கும். குளிர் முடிகிற சமயத்தில் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு மொட்டையாக வெட்டிவிடுவாள். எனக்குப் பார்க்கவே பாவமாக இருக்கும்.

"பாவம் பார்த்தா பூக்காதுங்க" என்பாள். "வெட்டினப்புறம் செத்த குச்சி மாதிரிதான் நிக்கும். எல்லாச் செடியும் துளிர்த்து முடிஞ்சு, கடைசியாத்தான் இது கண்ணைத் திறக்கும். அதுவரைக்கும் சும்மா இருக்கணும். துளிர்க்கலையேன்னு தண்ணியை ஊத்திடாதீங்க. ஈரம் நின்னா இதுக்கு ஆகாது. உங்களால சும்மா இருக்க முடியாது, அதனாலதான் சொல்றேன்."

கேட்டுக்கொண்டேன். நான் அவள் பேச்சைத் தட்டியதே இல்லை.

பிறகு அவளுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. டாக்டர் எல்லாவற்றையும்விடத் தண்ணீரைப் பற்றித்தான் அதிகம் பேசினார். உள்ளே போகிற தண்ணீர் வெளியே வராது, ஆகவே அளந்துதான் கொடுக்கவேண்டும் என்றார். மச்சான் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்து, பாதிக்கும் கீழே, மார்க்கர் பேனாவால் கறுப்பாக ஒரு கோடு போட்டான். "மாமா, ஒரு நாளைக்கு இதுதான். அக்கா அழுதாலும் இதுதான். நீங்க இளகிடாதீங்க" என்று சொல்லி அடுப்பு மேடையில் வைத்தான். காலையில் நிரப்பி வைத்துவிட்டு வேலைக்குப் போவான்.

அந்தக் கோட்டைத் தாண்டி நான் ஒரு தடவைகூட நிரப்பியதில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ளவேண்டும். பாட்டில் காலியானால் மறுபடி கோடு வரைக்கும் நிரப்புவேன். மறுபடி காலியானால் மறுபடி கோடு வரைக்கும். அவன் திரும்பி வரும்போது பாட்டில் எப்படி இருக்கவேண்டுமோ அப்படி இருக்கும்.

ஏன் என்று கேட்கிறீர்கள். பகல் முழுக்க வீட்டில் நாங்கள் இரண்டே பேர். நான் கதை சொல்வேன், அவள் கேட்பாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான். தொழிற்சாலையை நகர்த்திய கதை முதலில் அவளுக்குச் சொன்னதுதான். முதலாளி சுவரில் முட்டிக்கொண்ட இடத்தை அவள்தான் சேர்த்தாள். ஆனால் தாகம் எடுத்தவளுக்குக் கதை ஏறாது. நான் பாதியில் இருக்கும்போதே "ஒரு வாய் தண்ணி" என்பாள். சிரிக்கவேண்டிய இடத்தில் சமையலறைப் பக்கம் பார்ப்பாள். ஒரு டம்ளர் கொடுத்துவிட்டால் தலையணையில் சாய்ந்துகொண்டு, "ம், அப்புறம்?" என்பாள். அந்த "அப்புறம்" கேட்பதற்கு ஒரு டம்ளர் பெரிதா?

கால் வீங்கியது. முகம் வீங்கியது. மூச்சு கொர் கொர் என்றது. டாக்டர் பாட்டிலைக் கேட்டார். மச்சான் கோட்டைக் காட்டினான். நோய் முற்றிவிட்டது என்றார் டாக்டர். படித்தவர் சொல்லும்போது நான் குறுக்கே பேசுவது சரியல்ல. ஒரு மத்தியானம், ஆடு நீலப்பால் கறந்த கதையில், பாலை ஊற்றியதும் டீ பச்சையாகிவிட்ட இடத்தில், அவள் "அப்புறம்" என்று கேட்கவில்லை. கதையை முடித்துவிட்டுத்தான் பார்த்தேன்.

நான் அழவில்லை. உள்ளே மரத்துப்போயிருந்தது; பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு உதட்டைக் கடித்தால் யாருடைய உதட்டையோ கடிப்பது போலிருக்குமே, அப்படி. குளிர் முடிகிற சமயம். அவள் வெட்டுகிற மாதிரியே ஒரு சாண் விட்டு அவுரியை வெட்டினேன். அது குச்சியாக நின்றது. ரோஜா துளிர்த்தது, டீச்சர் வீட்டுக் கொடி துளிர்த்தது, மதிலில் முளைத்த களைகூடத் துளிர்த்தது. நான் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருந்தேன். வெயிலாக இருந்தது. அது பார்க்கிற பார்வை எனக்குத் தெரிந்த பார்வைதான். பாட்டிலில் கோடு வரைக்கும் எடுத்து ஊற்றினேன். அப்புறம் இன்னொரு தடவை கோடு வரைக்கும். மண் எப்போதும் குளிர்ந்து, கறுத்து, பார்க்க அழகாக இருந்தது.

மச்சான் மாடியிலிருந்து பார்ப்பான். அவனும் அக்காவுக்காக உள்ளுக்குள் உடைந்துபோயிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் பல் தேய்த்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்தால், அவன் செடியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான். மண்வெட்டி சுவரில் சாய்ந்திருந்தது. பிடுங்குவதற்கு அது தேவைப்படவில்லை போலிருக்கிறது.

"போட்டுடு. அது லேட்டாத்தான் துளிர்க்கும்" என்றேன்.

"மாமா, செத்துப்போச்சு இது. அக்கா செடியாச்சே, தொட்டிக்கு மாத்தியாவது காப்பாத்தலாம்னு பார்த்தேன். வேரைப் பாருங்க."

"உனக்கு என்னடா தெரியும் செடியைப் பத்தி?"

"மோந்து பாருங்க. நாறுது. தண்ணி ஊத்தி ஊத்தியே அழுக வச்சுட்டீங்க."

இந்த இடத்தில் அவன் நிறுத்தியிருக்கலாம். செடியைக் கல்மேல் வைத்துவிட்டு, கையில் ஒட்டியிருந்த சேற்றைக் கழுவத் தொட்டிப் பக்கம் போனான். போகிறவன் நின்றான். கையைப் பார்த்தான், சமையலறை ஜன்னலைப் பார்த்தான். அங்கே மேடையில் அந்த பாட்டில் கோடு வரைக்கும் நிறைந்து வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தது. மெதுவாக, சண்டை போடுகிற குரலில் அல்ல, வண்டி ஓட்டத் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுக்கிற குரலில் கேட்டான்.

"மாமா. அக்காவுக்கும் இப்படித்தான் செஞ்சீங்களா?"

அவன் காத்திருக்கவில்லை. பதில் தெரிந்தவன் மாதிரி குனிந்து தொட்டியில் கையை விட்டான். அவன் தோள் குலுங்கியது. அழுதிருப்பான்.

மண்வெட்டியின் பின்பக்கத்தால் ஒரு முறைதான். கனமான பொருளை எந்த இடத்தில் தட்டினால் சாயும் என்பது என் தொழில். தலை தொட்டிக்குள் போய்விட்டது. நான் அழுத்திப் பிடித்தேன் என்று நீங்கள் எழுதினால் அது பொய். தூக்கிவிடவில்லை, அவ்வளவுதான். முக்காலியில் உட்கார்ந்தேன். குமிழி வந்தது, பிறகு வரவில்லை. அவ்வளவு தண்ணீர் யாருக்குமே ஆகாது.

பிறகு கடப்பாரையும் இரண்டு குழாய்த் துண்டும் எடுத்துவந்தேன். அவை இருந்தால் எதையும் நகர்த்தலாம். வயது ஒரு தடையில்லை. தொழிற்சாலையை நகர்த்தியது புளுகு, இது இல்லை. ரோஜாவுக்கு எது போட்டாலும் ஒத்துக்கொள்ளும். அது அவன் வைத்த ரோஜா, அவனுக்கும் அன்னியமாக இருக்காது. அவுரியைப் பழைய குழியிலேயே நட்டு, சுற்றி மண்ணை அணைத்தேன். அந்தப் புது மண்ணைத்தான் டீச்சர் பார்த்திருக்கிறார். டிரைவிங் ஸ்கூல்காரர் புகார் கொடுத்து, நீங்கள் வந்து கேட்டதும், அவர் நல்லெண்ணத்தில் அந்த மூலையைக் காட்டியிருக்கிறார்.

ஐயா, நீங்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டீர்கள். வெளியே ஜீப் கிளம்பும் சத்தம் கேட்கிறது. வலப்பக்க மூலை என்று சொல்லிவிடுங்கள், ரோஜா முள் நீளம், கையுறை போட்டுக்கொள்ளட்டும்.

எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். இடுப்பு பிடித்துக்கொண்டதே அந்தக் காவலர், அவுரியைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, "ஐயா, வேர் எப்பவோ அழுகிடுச்சு, இது செத்து ரொம்ப நாளாகுது" என்று சொல்லி மதில் ஓரம் எறிந்துவிட்டார். பிள்ளை செடி வளர்த்ததில்லை போலிருக்கிறது. அது லேட்டாகத்தான் துளிர்க்கும். அதை ஒரு தொட்டியில் வைத்து, என்னை எங்கே வைக்கிறீர்களோ அங்கே கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைக்கச் சொல்லுங்கள். முடிக்காத கதை ஒன்று இருக்கிறது.

வரும்போது சமையலறை மேடையில் இருக்கிற அந்த பாட்டிலையும் எடுத்து வரட்டும். செடி வெயிலில் கிடக்கிறது, தாகமாக இருக்கும். வந்ததும் கொஞ்சம் ஊற்றுங்கள். கோடு வரைக்கும்தான். அதற்கு மேல் வேண்டாம், நான் அளவு தவறினேன் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது.