மணிப்பலகையில் ஒரு பெயர்

உலகத்தாருக்கு மிக முக்கியமான அறிவிப்பு ஒன்று, குறித்துக்கொள்ளுங்கள்: நான் கைபேசியைக் கழுவிய கையால்தான் தொடுவேன். மேசைமேல் கிடக்கும் உங்கள் கைபேசியைப் பார்த்ததால் சொல்கிறேன், மேடம். மதியம் சாப்பிட்ட சாசேஜின் கொழுப்பு திரையில் அப்படியே விரல் விரலாக அப்பியிருக்கிறது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், எனக்குச் சீக்கிரம் குமட்டிவிடும்.

விஷயத்துக்கு வருகிறேன். இதே காசல் நகரத்தில், ஒரு சைக்கிள் கடையின் பின்னறையில், வியாழன்தோறும் எங்கள் கட்டற்ற கைபேசிக் கழகம் கூடும். யாராவது கைபேசி கொண்டுவந்தால், கம்பெனி போட்டு அனுப்பியதையெல்லாம் துடைத்துவிட்டு, யாரிடமும் கோள்சொல்லாத வேறு மென்பொருளை ஏற்றித் தருவோம். ஏற்றுவது நான். உரையாற்றுவது எங்கள் தலைவர் வோல்ஃப்ராம். இனிமேல் அடையாள அட்டையைக் காட்டிப் பதிந்துகொண்டவர்கள் எழுதிய செயலிகளைத்தான் சாதாரணக் கைபேசியில் ஏற்ற விடுவார்களாம் என்று செய்தி வந்த வாரம், அவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு எழுந்தார். "தோழர்களே, மனிதகுலத்தின் கடைசிக் கதவு சாத்தப்படுகிறது" என்றார். கண்டன அறிக்கையை பிளம் கேக்குக்கு முன்னால் வாசிப்பதா, பின்னால் வாசிப்பதா என்று வாக்கெடுப்பு நடந்தது. கேக் ஜெயித்தது.

அந்தக் கூட்டத்தில்தான் மாரைக்கா ப்ரூனிங் வந்து கதவோரம் நின்றாள். கையில் நாலு வயது மகள் யெட்டெ. புருஷன் டோர்பனிடமிருந்து தப்பி ஓடிவந்தவள். முன்பு போய் ஒளிந்த ஊர்களிலெல்லாம் கைபேசியை வைத்தே மோப்பம் பிடித்து வந்துவிட்டானாம். இடது காது அவளுக்குச் சரியாகக் கேட்காது. ஏன் என்று நான் கேட்கவில்லை. பிறர் சொந்த விஷயத்தில் தலையிடுவது எனக்குப் பிடிக்காது.

அவளுக்கு நானே ஒரு கைபேசி தயார்செய்தேன். அப்படிச் சுத்தமாக ஒன்றை நான் அதற்குமுன் செய்ததில்லை. வீடும் பார்த்துக் கொடுத்தேன். நம் ஊர்க் குடியிருப்புகளில் கதவுக்கு எண் கிடையாது, கீழே வாசலில் அழைப்புமணிகள் வரிசையாக இருக்கும் மணிப்பலகையில் குடும்பப் பெயர் மட்டும்தான் என்பது உங்களுக்குத் தெரியும். ப்ரூனிங் என்று போட முடியுமா?

"என்ன பேர் போடலாம், கெர்னோட்? நீங்களே சொல்லுங்க" என்றாள்.

"லோரென்ஸ்னு போடுங்க. யார் கண்ணுலயும் படாத பேரு."

"நீங்க மட்டும் இல்லன்னா நாங்க என்ன ஆகியிருப்போமோ" என்றாள். கண் கலங்கியிருந்தது. அந்தக் கண்ணைத் துடைத்த கையாலேயே கைபேசியை எடுத்தாள்.

இலையுதிர் காலத்தில் திரும்பி வந்தாள். நான் செய்து கொடுத்த கைபேசியை ரொட்டி சுற்றுகிற பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். திரையில் குழந்தையின் ஜாம்.

"கோவிச்சுக்காதீங்க. இதுல பேங்க் செயலி திறக்கவே மாட்டேங்குது. குழந்தைங்க காப்பகத்துல எல்லாச் செய்தியும் அவங்க செயலியிலதான் அனுப்புறாங்க, அதுவும் ஏறல. பஸ் டிக்கெட்டும் அப்படித்தான். வேற ஃபோன் வாங்கிட்டேன்."

"அது உங்களைக் காட்டிக்கொடுக்கும்."

"தெரியுது. சுதந்திரம் நல்லாத்தான் இருக்கு, கெர்னோட். ஆனா அத வெச்சுக்கிட்டு பஸ் ஏற முடியல."

வோல்ஃப்ராம் கேக்கை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தார். "அடுத்த கண்டன அறிக்கைல இதப் போட்டுடலாம்யா!" என்றார். கேக் துணுக்கு ஒன்று பறந்து வந்து என் சட்டைக்கையில் விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். குழந்தையும் சிரித்தது.

பிறகு புதுக் கைபேசியை என்னிடம் காட்டினாள். யெட்டெயின் பழைய படங்களெல்லாம் திரும்ப வந்துவிட்டன என்று அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். எப்படி வராமல் இருக்கும்? பழைய கணக்கிலேயே உள்ளே நுழைந்திருந்தாள். படங்களோடு குடும்பப் பகிர்வும் வந்திருந்தது. அவள் இருக்கும் இடம் ஒரு நீலப் புள்ளியாக டோர்பனின் கைபேசிக்குப் போய்க்கொண்டிருந்தது. அணைக்க இரண்டு தொடுகை போதும்.

அணைக்கவில்லை. சொல்லவுமில்லை. ஆயிரம் முறை சொன்னதைக் கேட்காதவளிடம் ஆயிரத்தோராவது முறை ஏன் சொல்ல வேண்டும்? தவிர, அந்தத் திரையைத் தொட வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு நான் செய்ததை ஓர் ஆய்வு என்றுதான் சொல்வேன். மாலையில் வேலை முடிந்து அவள் தெருவுக்குப் போய், எதிர்ப்புற பெஞ்சில் உட்கார்ந்து, பிளாஸ்கில் கொண்டுபோன தேநீரைக் குடிப்பேன். இந்தக் கருவிகள் எத்தனை ஆபத்தானவை என்பதற்கு எங்கள் கழகத்தில் பேச்சு உண்டு, சான்று கிடையாது.

வெள்ளிக்கிழமைகளில் எனக்கு மதியத்தோடு வேலை முடிந்துவிடும். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை மதியம் டோர்பன் வந்தான். அவன்தான் என்று பார்த்ததும் தெரிந்தது. கைபேசியைப் பார்ப்பான், கட்டடத்தைப் பார்ப்பான். நீலப் புள்ளி வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டது. அதற்குமேல் அதற்கு வழி தெரியாது. பலகை நிறையப் பெயர்கள். ஒவ்வொன்றாக விரல் வைத்துத் தேடினான். நகத்தில் அழுக்கு. பிறகு என்னிடம் வந்தான்.

"சார், இங்க ப்ரூனிங்னு யாராவது இருக்காங்களா?"

"அப்படி யாரும் இல்லையே."

"சின்னப் பொண்ணோட இருப்பா. என் பொண்டாட்டி. ஒரு சின்னச் சண்டை, அவ்வளவுதான்."

அவன் அப்படியே போயிருப்பான். ஆய்வு பாதியில் நின்றிருக்கும். கருவி வாசல்வரை வந்து தோற்றது என்று போய் வோல்ஃப்ராமிடம் சொல்ல முடியுமா? எழுந்து, தெருவைக் கடந்து, பலகையில் லோரென்ஸைக் காட்டினேன். அவன் கை மணிக்குப் போனது. நில்லுங்கள் என்றேன். உங்கள் குரலைக் கேட்டால் திறக்க மாட்டாள்.

என் கைக்குட்டையை விரலில் சுற்றிக்கொண்டு நானே அழுத்தினேன்.

"யாரு?" என்றது பலகையில் அவள் குரல்.

"நான்தான், கெர்னோட்."

"ஐயோ, வாங்க வாங்க! காபி இப்பத்தான் போட்டேன். மேல வாங்க."

கதவு திறந்துகொண்டது. நான் மேலே போகவில்லை. பெஞ்சில் பிளாஸ்க் இருந்தது.

சத்தம் கொஞ்ச நேரம்தான். ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரோடு மேலே போனார்கள். இறங்கும்போது அவர்களுக்கு அவசரமில்லை. அன்று யெட்டெயைக் காப்பகத்திலிருந்து அழைத்துப்போக யாரும் வரவில்லை என்று செயலியில் செய்திமேல் செய்தி வந்ததாகச் சொன்னீர்கள். அந்தச் செயலியைப் பற்றி நான் அப்போதே எச்சரித்திருந்தேன். நீங்கள் காட்டிய மாரைக்காவின் படத்தை ஒரு தடவைக்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை. உங்கள் திரை அவ்வளவு அழுக்கு.

ஆக, அவளைக் கொன்றது அவன். அவனைக் கூட்டிவந்தது அவள் வாங்கிய கைபேசி. நான் ஒரு மணியை அழுத்தினேன், என் சொந்தப் பெயரைச் சொன்னேன். பொய்ப் பெயர்கூடச் சொல்லவில்லை.

இந்த வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட எனக்குத் தயக்கமில்லை, பேனாவை மட்டும் துடைத்துக் கொடுங்கள். என் கைபேசியைத் திறக்கும் எண்ணைக் கேட்கிறீர்கள். தர மாட்டேன். அது என் சொந்த விஷயம்.