நான்கு திருகுத் துளைகள்

இந்த மேசை ஆடுகிறது. எழுத உட்கார்ந்ததுமே கவனித்தேன். முன்பக்க இடது கால் இதனுடைய கால் இல்லை. எங்கோ உடைந்த பெஞ்சிலிருந்து வெட்டிக்கொண்டு வந்து ஆணி அடித்திருக்கிறார்கள். உயரம் போதாமல் அடியில் அட்டையை மடித்துச் செருகியிருக்கிறார்கள். நரின் நகரக் காவல் நிலையத்திலேயே இந்த லட்சணம் என்றால் மலைக்கிராமத்து ரிஸ்பெக்கைக் குறை சொல்லி என்ன பயன்? இருந்தாலும் சொல்லத்தான் போகிறேன்.

நான் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதிக்கொள்வதாகச் சொன்னீர்கள். வேண்டாம், தம்பி. நீங்கள் என் சொற்களை எடுத்துவிட்டு உங்கள் சொற்களை வைப்பீர்கள். என் கையாலேயே எழுதித் தருகிறேன். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். முப்பது வயது தாண்டிப் பிடித்த எழுத்து. மேய்ச்சல் மலையில் ஆட்டு மந்தையோடு வளர்ந்தவன் நான். பள்ளிக்கூடம் கீழே இருந்தது, நான் மேலே இருந்தேன்.

என் பெயர் தேமிர்குல். இரும்புக்கு அடிமை என்று பொருள். பட்டாளத்துக் கிடங்கில் கூலியாக இருந்தேன். அங்கே லாரிகள் கட்டைமேல் வரிசையாக நிற்கும், சக்கரம் தரையில் படாது. போர் வந்தால் எடுப்பதற்காக வைத்திருந்தார்கள். போர் வரவில்லை. வசந்தம் பிறந்தால் கிரீஸ் பூசுவேன், என்ஜினைச் சற்று நேரம் ஓடவிட்டு நிறுத்துவேன், கதவிலும் பலகையிலும் மங்கிய எழுத்துகளை அச்சு வைத்து மறுபடி பெயிண்ட் அடிப்பேன். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலேயே அடித்தேன்.

அறுபத்தாறு என்று எல்லோரும் சொல்லும் மூக்கில்லாத லாரிகளில் கடைசியாக நின்றது என் பொறுப்பில் இருந்தது. ஓட்டுகிறவன் கண்ணுக்கு நேர் எதிரே ஒரு சின்ன அலுமினியத் தகடு, நான்கு திருகு. அதில் ஒரே ஒரு வாக்கியம். ஒரு குளிர்காலம் முழுவதும் அதன் முன்னால் உட்கார்ந்தேன். சிப்பாய்களுக்கு சிகரெட் கொடுத்து ஒவ்வொரு எழுத்தின் ஓசையையும் கேட்டுக்கொண்டேன். ஒருநாள் அந்த வாக்கியம் வாயைத் திறந்து என்னிடம் பேசியது. நான் படித்த முதல் வாக்கியம் அதுதான். உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். உங்களுக்கு எல்லாம் சும்மா கிடைத்தது.

பிறகு தேசம் உடைந்தது. கிடங்கை மூடி, லாரிகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். என்னிடம் ஒன்றும் இல்லை. ரிஸ்பெக்கிடம் ஆடுகள் இருந்தன, சிலதை விற்று என் அறுபத்தாறை வாங்கிவிட்டான். குரங்கு கையில் பூமாலை போய்ச் சேர்ந்தது.

அவன் என் பக்கத்து வீட்டுக்காரன். என்னைவிட இளையவன். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். கெட்டவனாக இருப்பதற்கும் கொஞ்சம் யோசனை வேண்டும். வண்டி வந்த மாதமே அந்த அழகான பெட்ரோல் என்ஜினைக் கழற்றிவிட்டு டிராக்டரின் டீசல் என்ஜினை உள்ளே திணித்தான்.

"தம்பி, இது பட்டாளத்து வண்டிடா. ஃபாக்டரிக்காரன் கணக்குப் போட்டு வச்சதைக் கலைக்காதே" என்றேன்.

"என்னண்ணே, பேருதான் இரும்புன்னா தலையுமா இரும்பு? இது பெட்ரோல் குடிக்கிற குடிக்கு என் மந்தையே பத்தாது. வண்டி எனக்கு வேலை செய்யணுமா, நான் வண்டிக்கு வேலை செய்யணுமா?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தக் கிராமத்தில் சிரிப்பு மலிவு.

அதோடு விட்டானா? பிரேக்கைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொரு லாரியின் காற்றுப் பிரேக்கை மாட்டினான். வயிற்றுக்கடியில் இரண்டு காற்றுத் தொட்டிகள், தின்று கொழுத்த ஆட்டின் மடி மாதிரி தொங்கின. கதவில் கழுகுப் படம். சன்னலுக்குக் குஞ்சம் வைத்த திரை. பாட்டுப் பெட்டி வைக்க ஸ்டியரிங்குக்கு முன்னாலிருந்த எதிர்ப்பலகையை அறுத்தான், அந்தத் தகட்டைப் பிடுங்கிக் குப்பையில் போட்டான். நான் பொறுக்கி எடுத்தேன். அவன் எறிந்த எல்லாவற்றையும் பொறுக்கினேன். என்ஜின், பிரேக் உருளை, விளக்கு மூடி, திருகு எல்லாம் என் கொட்டகையில் கிரீஸ் பூசிக் கோணியில் சுற்றி வைத்தேன். வருடங்கள் போயின. எனக்கு மனைவியும் வாய்க்கவில்லை, அவசரமும் இல்லை.

ரிஸ்பெக்குக்கு ஒரு பழக்கம் உண்டு. எங்கள் பக்கத்து ஓட்டுநர்கள் நிறையப் பேருக்கு உண்டு. சாரி-பெல் கணவாயின் உச்சி ஏறியதும் கியரை விடுவித்து என்ஜினை அணைத்துவிடுவார்கள். எண்ணெய் மிச்சம். கூட்டுப்பண்ணைக் காலத்தில் மிச்சம் பிடித்ததை விற்றுக் காசாக்கிய கை, அது இன்னும் அரிக்கிறது.

"இறங்கறதுக்கு எதுக்கண்ணே எண்ணெய்? மலையே தள்ளிவிடும்" என்பான்.

அவன் மனைவி புருல்ச்சா பக்கத்தில் உட்கார்ந்து கேலி செய்வாள். "என் வீட்டுக்காரரு கஞ்சத்தனம் மலைக்கே தெரியும். இறக்கம் வந்தா மூச்சையும் அணைச்சிட்டுத்தான் வருவாரு."

காற்றுத் தொட்டி இருந்ததால் என்ஜின் அணைந்தாலும் அவனுக்கு பிரேக் பிடித்தது. இத்தனை வருடமும் பிடித்தது. அதற்கு அந்த அசிங்கமான தொட்டிகள்தான் காரணம் என்பதை நான் மறுக்கவில்லை. நான் நியாயமானவன்.

இந்த வசந்தத்தில் அவனே என் கொட்டகைக்கு வந்தான்.

"அண்ணே, நீங்க சொன்னது இப்பத்தான் புரியுது. வண்டியை மறுபடி பழையபடி ஆக்கிடலாம். சாமான் எல்லாம் உங்ககிட்டதானே இருக்கு? பட்டாளம் விட்டுட்டுப் போன மாதிரியே வேணும், ஒரு திருகு மாறக்கூடாது."

நான் நம்பினேன். என் வாழ்க்கையில் செய்த ஒரே முட்டாள்தனம் அது. கோடை முழுக்க உழைத்தேன். டிராக்டர் என்ஜினை இறக்கினேன், அதன் சொந்த என்ஜினை ஏற்றினேன். கழுகைச் சுரண்டினேன், அறுத்த எதிர்ப்பலகைத் துண்டைத் திரும்ப ஒட்ட வைத்தேன். தொட்டிகளை அறுத்து எறிந்துவிட்டுப் பழைய பிரேக்கை மாட்டினேன். அந்த பிரேக்குக்கு என்ஜின்தான் பலம். என்ஜின் ஓடும்வரை ஒரு விரலால் அமுக்கலாம். அணைத்தால் மிதி கல்லாகிவிடும். ஸ்டியரிங்கும் அப்படியே. ரிஸ்பெக் இந்த வண்டியை இந்த பிரேக்கோடு மலையிறக்கியதே இல்லை.

வேலை முடிந்ததும் அவன் ஆடு அறுத்து, கண்ணேறு படாமலிருக்கச் சக்கரத்தில் ரத்தம் தடவினான். அவன் உள்ளே போனதும் நான் துடைத்துவிட்டேன். ஃபாக்டரியிலிருந்து வரும்போது சக்கரத்தில் ரத்தம் இருக்காது.

மறுநாள் காலை, மிச்சமிருந்த ஒரே பொருளான தகட்டையும் நான்கு திருகையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவன் முற்றத்துக்குப் போனேன். அங்கே அல்மாட்டி நகரத்திலிருந்து வந்த ஒருவன் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். மெத்தென்ற செருப்பு, கிரீஸைத் தொட்டுவிட்டுக் கைக்குட்டையில் துடைத்தான். பழைய பட்டாளத்து வண்டிகளைச் சேர்ப்பவனாம். மாற்றாத வண்டிக்குத்தான் அவனிடம் மதிப்பாம். கண்ணாடிக் கூடத்தில் விளக்குப் போட்டு நிறுத்துவானாம்.

ரிஸ்பெக் என்னைப் பார்த்து வெட்கமே இல்லாமல் சிரித்தான். "என்னண்ணே முழிக்கிறீங்க? நீங்க கேட்ட மாதிரியே கெடாம இருக்கப் போகுது. எங்க இருந்தா என்ன? வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்குவாரு. அதுக்குள்ள மாமியார் வீட்டுக் கூடாரத்தை மட்டும் மேய்ச்சல்லேருந்து இறக்கிடணும், பனி வரப் பாக்குது."

அறுத்ததும் காசுக்கு, ஒட்ட வைத்ததும் காசுக்கு. இரண்டுக்கும் நடுவில் அவனுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. நான் கோபப்படவில்லை. கோபம் சமமானவர்கள்மேல் வருவது. பையில் இருந்த கையை வெளியே எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒன்று நினைத்துப் பார்த்தேன். செத்தவனின் வண்டியை எங்கள் பக்கம் யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். வீட்டுக்கு ஆகாது என்று கேட்டவனுக்குக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அல்மாட்டிக்காரனும் அடிபட்ட வண்டியைத் தொட மாட்டான். சாரி-பெல்லின் மூன்றாவது வளைவுக்குக் கீழே ஆழம் அதிகமில்லை. சரளைக்கல் சரிவு. ஆள் தாங்க மாட்டான், வண்டியின் இரும்புச் சட்டம் தாங்கும்.

அவர்கள் மலைக்குக் கிளம்பியபோது வழியனுப்ப நின்றேன். புருல்ச்சா கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, "இவ்வளவு நாள் இதைக் கட்டிக்கிட்டு அழுதீங்களே அண்ணே, இறங்கி வந்ததும் பாலாடை போட்டு டீ தரேன், வாங்க" என்றாள். ரிஸ்பெக் என்ஜினைக் கிளப்பிவிட்டுக் கேட்டான்:

"இதுல நான் பாத்து நடந்துக்க வேண்டியது எதாவது இருக்கா அண்ணே?"

நீங்கள் இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விக்கு இதோ பதில். புருல்ச்சா மருத்துவமனையில் கண் விழித்துச் சொன்னது பொய் இல்லை. நான் சொன்னேன்: "ஒண்ணுமில்ல தம்பி. ஃபாக்டரியிலிருந்து வந்த மாதிரி இருக்கு. நீ எப்பவும் போல ஓட்டு."

அவன் எப்போதும் போல ஓட்டினான். கூடாரத்தை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது உச்சியில் என்ஜினை அணைத்தான். மூன்றாவது வளைவு. ரிஸ்பெக்கும், கூடாரச் சுமைமேல் உட்கார்ந்து வந்த மைத்துனன் ஷைலோவும் அங்கேயே முடிந்தார்கள். ஷைலோ வருவான் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன் என்று நீங்கள் கேட்டால், யோசித்துப் பார்க்கிறேன். புருல்ச்சாவுக்கு ஒரு கால் இல்லை என்றீர்கள். பாவம்.

ஆனால் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். நான் எதையும் கெடுக்கவில்லை. ஒரு குழாயை அறுக்கவில்லை, ஒரு திருகைத் தளர்த்தவில்லை. வண்டியில் இருந்ததெல்லாம் அதனுடையது. கெட்டுப்போயிருந்தது ஓட்டினவனின் கைதான்.

என் கட்டிலுக்கு மேலே இருந்து உங்கள் ஆட்கள் எடுத்து வந்த தகடு இந்த மேசையில்தான் இருக்கிறது. அதில் எழுதியிருப்பதை நீங்களே படித்துவிட்டீர்கள், முகம் மாறியதைப் பார்த்தேன். 'இறக்கத்தில் என்ஜினை அணைக்காதே.' நான் படித்த முதல் வாக்கியம்.

ஒரே ஒரு வேண்டுகோள். வழக்கு முடிந்ததும் வண்டியை என்னிடம் கொடுங்கள். முன் கண்ணாடியும் இடது விளக்கும் போயிருக்கின்றன. சட்டம் வளையவில்லை, விசாரித்துவிட்டேன். எதிர்ப்பலகையில் அந்த நான்கு துளைகளும் அப்படியே இருக்கின்றன. தகட்டையும் திருகுகளையும் கொடுத்தீர்களானால் அதன் இடத்திலேயே மாட்டிவிடுவேன். ஓட்டுகிறவன் கண்ணில் படவேண்டும் என்று ஃபாக்டரிக்காரன் யோசித்து வைத்த இடம். அதை மாற்ற நான் யார்?