பெண்ணுக்குப் போகிற வீடு

— ஷட்டரை ஏன் அண்ணை இறக்கிறியள்? எனக்கு மூச்சு முட்டுது.

— முட்டட்டும்மா. அகதி கேம்ப்பு பொம்பள ஒண்ணு கந்தசாமி பெயிண்ட் கடையில நின்னுக்கினு சம்பந்தம் பேசுதுன்னு செஞ்சி பஜார் பூரா பேசுவான். சொல்ல வந்தத சொல்லிட்டு பின்வாசல் வழியா கெளம்பு.

— எனக்கு ஒரு பேர் இருக்கு. இராசமலர்.

— சரி, இராசமலரு. உம் புள்ள நெடுமாறன் பெயிண்ட் வாங்க வருவான். தொழில் சுத்தமா இருக்குதேன்னு எங்க மாடிக்கு அடிக்க வுட்டேன். செவுத்த மட்டும்தான் பாத்துக்கினு இருக்கான்னு நெனச்சேன்.

— உங்கட மகள் வித்யாஸ்ரீயும் பார்த்தவதானே.

— ஏங்க, அவங்க நின்னுக்கினே இருக்காங்க. ஒரு ஸ்டூல எடுத்துப் போடக்கூடாதா? இந்தாங்கம்மா, காப்பி.

— ஞானம், நீ மேல போ.

— எம் பொண்ணு பேச்சுதான பேசுறீங்க. இருக்குறேன்.

— இரு. ஆனா வாயத் தொறக்காத. இதோ பாரும்மா, எம் பொண்ணு அந்த கேம்ப்புல வந்து குடித்தனம் பண்ணாது. கூரை ஒழுவுது, செவுத்துக்கு அந்தப் பக்கம் இருமுனா இந்தப் பக்கம் கேக்குது. செக்கிங்னு வந்தா வரிசையில நின்னு தலையக் காட்டணும். நாளைக்கு ஒரு பேரப்புள்ள பொறந்தா அதுவும் அந்த வரிசையிலதான் நிக்கும்னு வக்கீல் சொல்றாரு.

— ஆர் அண்ணை உங்கட பிள்ளையைக் கேம்ப்புக்கு வரச் சொன்னது? எங்கட நெடுந்தீவில பொம்பிளைப் பிள்ளை கலியாணம் கட்டிக்கொண்டு ஒரு இடமும் போறேல்ல. பொடியன்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளின்ர வீட்டுக்கு வாறது.

— வீட்டோட மாப்பிள்ளையா? இங்க அதுக்கு இன்னா மரியாதைன்னு தெரியுமா? எவனும் முதுகுக்குப் பின்னால சிரிப்பான்.

— அங்க ஒருத்தரும் சிரிக்கிறேல்ல. அங்க எல்லாரும் அப்பிடித்தான்.

— வீடு யாருதுங்க அங்க? சொல்லுங்க, அவரு காதுலயும் வுழட்டும்.

— பொம்பிளையின்ர வீடு, பிள்ளை. நான் பிறந்த கையோட என்னைப் பெத்த ஐயா கடற்கரையில ஒதுங்கிற முருகைக்கல்லுச் சேர்க்கத் துவங்கினவர். வேலியும் அந்தக் கல்லு, வீடும் அந்தக் கல்லு. எனக்கு மாப்பிள்ளை பேச முதலே வீடு எழும்பீட்டுது. தீவில நல்ல தண்ணி அருமை. நல்ல தண்ணிக் கிணத்தில பங்கு எனக்குத்தான் வந்தது. தம்பிக்கு வள்ளம். புருசனுக்கும் பெண்சாதிக்கும் சண்டை வந்தால் வெளியால போறது அவர்தான், நான் இல்லை.

— ஆம்பளையா வெளிய போவாரு?

— ஓம். எங்கட அவர் ஒருக்காக் கோவிச்சுக்கொண்டு தாய் வீட்டு விறாந்தையில போய்ப் படுத்தவர். நான் கூப்பிடப் போகேல்ல. தானே வந்தவர்.

— ஞானம், இன்னா சிரிப்பு?

— சிரிக்கலங்க.

— அவ்ளோ பெரிய வீடும் கெணறும் வெச்சிக்கினு இங்க இன்னாத்துக்கும்மா கெடக்குற?

— ஷெல் விழத் துவங்கினாப் பிறகு வீடிருந்தென்ன, கிணறிருந்தென்ன? அவரும் செத்துப்போயிட்டார். மாறன் வயித்தில. வள்ளத்தில ஏறினன். கரையில இறங்கினவளைக் கொண்டுவந்து இஞ்ச விட்டினம். கடல் எந்தப் பக்கம் எண்டு கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. எங்க திரும்பினாலும் மலை, மலைக்கு மேல கோட்டைச் சுவர். நான் போர் நிண்டவுடன போயிடுவன் எண்டு நினைச்சிருந்தனான். பிறகு மாறன் படிச்சு முடியட்டும் எண்டன். அப்பிடியே இருந்திட்டன். அவனை இஞ்ச சிலோன்காரன் எண்டு கூப்பிட்டவை. அங்க போனால் இந்தியாக்காரன் எண்டுவினம்.

— கஷ்டம்தான். நான் இல்லன்னு சொல்லல. அதுக்காக எம் பொண்ண குடுக்க முடியுமா? இப்ப நீ இன்னாதான் கேக்குற?

— நான் கேக்க வரேல்ல அண்ணை. சொல்ல வந்தனான். மாறன் இண்டைக்கு ஊருக்குப் போறான். ஒரேயடியாத் திரும்பிப் போற பெர்மிட் கிடைச்சிட்டுது. நேற்றுப் பின்னேரமே சென்னைக்குப் பஸ் ஏறீட்டான். இனி இஞ்ச வரேலாது.

— ஒரேயடியாவா போறான்?

— ஓம்.

— அட, இத வந்ததுமே சொல்றதுக்கு இன்னா? ஞானம், அந்தக் காப்பி ஆறிப்போச்சு பாரு, வேற போட்டுக் குடு. நல்ல புள்ளம்மா அவன். நான் ஒரு நாளும் கொறை சொன்னதில்ல. எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும். நீயும் பின்னாடியே போயிடுவ, இல்ல?

— இல்லை. எனக்கு அங்க வீடில்லை.

— கல்லு சேத்துக் கட்டுனாருன்னு இப்பதான சொன்ன?

— குடுத்திட்டன். எனக்குப் பொம்பிளைப் பிள்ளை இல்லை. எங்கட ஆக்கள் வீட்டைப் பொடியனுக்குக் குடுக்கிறேல்ல. அதை வித்யாவுக்கு எண்டு சொல்லி, அயலட்டைச் சனத்தைக் கூப்பிட்டு அறிவிக்கச் சொல்லி என்ர தங்கச்சிக்குப் போன் எடுத்தன். இனி அது அவளின்ர வீடு. மருமகளின்ர வீட்டில மாமி போய்க் குந்தியிருக்கிறது எங்கட வழக்கத்தில இல்லை.

— வராத பொண்ணுக்கு வீட்டக் குடுத்துட்டு, நீ கேம்ப்புலயே கெடந்து சாவப் போறியா?

— வருவாளோ, வரமாட்டாளோ. அது உங்கட கையில. வந்தால் ஒருத்தரின்ர முகத்தையும் பார்த்துக்கொண்டு இருக்கக்கூடாது எண்டு நினைச்சன். அவ்வளவுதான்.

— நான் அனுப்ப மாட்டேன்.

— தெரியும். எண்டாலும் பொடியனைப் பெத்தவள் வந்து சொல்ல வேணும். சொல்லீட்டன். இண்டைக்குச் செக்கிங், நான் வெளிக்கிடுறன்.

— இருங்க சம்பந்தி.

— சம்பந்தியா? ஞானம், இன்னா பேசுற நீ?

— வித்யா எங்க இருக்குறான்னு நீங்க கேக்கவே இல்லியே.

— சிநேகிதி கல்யாணம்னு நேத்து மேல்சித்தாமூர் போனா. நீதான சொன்ன?

— நாந்தான் சொன்னேன். அங்க கல்யாணம் எதுவும் இல்ல.

— என்ன சொல்லுறியள், பிள்ளை? மாறன் எனக்கு ஒண்டும் சொல்லேல்லையே.

— நாந்தான் சொல்ல வேணாம்னேன். உங்க மேல பழி வந்துடும்.

— ஏய், அவகிட்ட பாஸ்போர்ட்டே கெடையாது.

— இருக்குதுங்க. ஆடி அமாவாசைக்கு மேல்மலையனூர் போறோம்னு ரெண்டு பேரும் கெளம்புனோமே, அன்னைக்குப் போனது பாஸ்போர்ட் ஆபீசுக்கு.

— கார் சாவி எங்க? இப்பவே மீனம்பாக்கம் ஏர்போர்ட்டுக்குப் போறேன்.

— அங்க ப்ளைட்டு எறங்கிட்டேன்னு அவ போன் பண்ண பொறவுதான் நான் காப்பியே போட்டேன்.

— பெத்த தாயே பொண்ண ஒரு அகதிப் பயகூட ஓட வுட்டிருக்குற. தாலி கூட ஏறல.

— ஓடலங்க. இந்த மாடிக்கு நான் வாக்கப்பட்டு வந்தேன், இன்னிக்கு வரைக்கும் செவுத்துல ஒரு ஆணி அடிக்கணும்னாலும் உங்கள கேக்கணும். அவ அவன்கூடப் போவல. அவ வீட்டுக்கு அவ போயிருக்குறா, அவன்தான் கூடப் போயிருக்கான்.