ஜட்ஜ் தொர வீட்டு நடுவழி

முன்னாடி, ரொம்ப முன்னாடி, வெள்ளக்காரன் ஆண்ட காலத்துல, நம்ம சங்குமுனையில மிக்கேலம்மான்னு ஒரு மீன்காரி இருந்தாளாம். எங்க பாட்டனாருக்கு ஆத்தா அவ. இப்ப சொன்னாலும் எனக்கு மேலு புல்லரிக்குது, கேளுங்க.

கோட வெயிலுக்குக் காத்து வாங்கணும்னு ஒரு ஜட்ஜ் தொர இங்க வந்து வீடு கட்டுனாரு. கட்டுனாரு பாரு ஒரு வீடு. பர்மா தேக்கு, கலர் கண்ணாடி சன்னல், உச்சியில கூம்பு வச்ச கோபுரம். கடலப் பாத்து ஒரு பெரிய கதவு, அதுக்கு நேரா ஊரப் பாத்து இன்னொரு கதவு. இதுல நொழையுற காத்து அதுல போவும். எல்லாம் சரி, எங்க கட்டுனாரு? நம்ம பொம்பளைங்க மீன எடுத்துக்கிட்டு சந்தைக்குப் போற பாதை மேல கட்டிட்டாரு. இந்தப் பக்கம் உப்பங்கழி, அந்தப் பக்கம் முள்ளுக்காடு. சுத்திப் போனா மீன் நாறிரும். நாறுன மீன எவன் வாங்குவான்? புள்ளைங்க பட்டினிதான்.

எல்லாரும் அழுதாவளாம். மிக்கேலம்மா அழலியாம். "வழி எங்கயும் போவல. மேல ஒரு வீடு நிக்கி, அவ்வளவுதான். வாங்கடி"ன்னாளாம்.

அங்க தொர வீட்டுல விருந்து நடக்கு. கடல் பக்கத்துக் கதவு வழியா வாறா மிக்கேலம்மா, தலையில ஓலப்பெட்டி, பின்னால ஊர்ப் பொம்பளைங்க அம்புட்டு பேரும். மீன்தண்ணி சொட்டச் சொட்ட, மேசையச் சுத்தி, மறுகதவு வழியா வெளிய.

"ஏய், இது என் வீடு"ன்னு தொர கத்துனாராம்.

"வீடு ஒங்களுது தொர. வழி எங்களுது. நீங்க சாப்புடுங்க"ன்னாளாம்.

போலீச விட்டு அவள ஜெயில்ல தள்ளுனாரு. மறுநா அவ நாத்தனா வந்தா. அவளத் தள்ளுனா மாமியா வந்தா. சரின்னு கதவ அடச்சாரு. சித்திர மாசம், காத்துக்குன்னு கட்டுன வீடு, அடச்சா என்னாவும்? அவிஞ்சாரு. தொறப்பாரு, காத்துக்கு முன்னால பொம்பளைங்க வருவாவ. அடப்பாரு, வேவாரு. தொரசானிக்கு மேலெல்லாம் வேர்க்குரு.

"கதவு வேணுமா, காத்து வேணுமா, சொல்லிரு. இல்ல, நான் கப்பலேறுதேன்"னு தொரசானி நின்னுட்டாளாம்.

அவ்வளவுதான். மிக்கேலம்மாவையும் மத்தவளுவளையும் ஜெயில்லருந்து வெளிய விட்டாரு. ரெண்டு கதவையும் பேத்தெடுத்தாரு. நடு ஹாலத் தெருவா விட்டுட்டு, இந்தப் பக்கம் படுக்கை, அந்தப் பக்கம் சாப்பாடுன்னு ஒதுங்கிக்கிட்டாரு.

தொர போயாச்சு, வீடும் எத்தனையோ கை மாறியாச்சு. வாங்குனவன் எவனும் அங்க கதவு வச்சதில்ல. அதனாலதான் நம்ம ஊருக்கு வாழ வாற பொண்ணு, தாலி ஏறுன கையோட, பட்டுச்சேலையோட, மீனோட ஓலப்பெட்டியத் தலையில வச்சு அந்த வழியா ஒருக்கா போறது.

ஏம்மா ரோஸ்லின், கல்யாணப் பொண்ணு, ஒனக்குத்தான் சொல்லுதேன். பெட்டி தயாரா இருக்கு. மீன்தண்ணியில சேல நனையும்னு ஓரமாப் போவாத தாயி, நடுவுல நட.