போர் தண்ணீர் ஊற்றிய பெயிண்ட்

எண்ணூரில் ரயிலேறிய இரண்டு பெயிண்டர்கள் எனக்கு எதிரில் உட்கார்ந்தார்கள். ஒருவர் தொப்பி போட்டிருந்தார். மற்றவர் முகம் தொங்கிப்போயிருந்தது.

“பெயிண்டு தயிராட்டம் திரிஞ்சி பூட்சி மாமு,” என்றார் முகம் தொங்கியவர். “நாளிக்கு நான் பெயிண்டு அடிக்கிற வூட்ல நிச்சயதார்த்தம்.”

“இன்னா தண்ணி ஊத்துன?” என்றார் தொப்பிக்காரர்.

“போர் தண்ணி.”

“அது உப்பாச்சே நைனா. பெயிண்டுல கீற தூளுங்கோ எட்டத்துல இருந்துகினு ஒண்ண ஒண்ணு தள்ளிவுடும், அதனாலதான் மெதக்குது. உப்பு பூந்தா தள்ளுற தெம்பு பூடும். கிட்ட வந்து கட்டிக்கும். அப்பால இன்னா கலக்கினாலும் பிரியாது. பெயிண்டு கம்பெனிக்காரன் மீட்டிங்ல சொன்னப்ப நீ பிரியாணி துன்னுகினு இருந்த.”

“இப்போ இன்னா பண்றது?”

“புது டப்பா வாங்கு, கேன் தண்ணி ஊத்து. நானும் வரேன், சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடலாம்.”

தொங்கியிருந்த முகம் தெளிந்தது. எனக்கு வியர்த்த வியர்வையில் ஒரு டப்பா பெயிண்டே கலக்கலாம், ஆனால் அதுவும் உப்பு. எங்கள் வீட்டுப் புது பெயிண்டில் போர் தண்ணீர் ஊற்றிக் கலக்கி வைக்கும்படி காலையில்தான் மனைவியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தேன். உடனே அவளுக்கு போன் போட்டேன்.

“கலக்கிட்டியா?”

“நீ சொன்னத என்னிக்கி நான் ஒடனே செஞ்சிருக்கேன்?”

நான் சிரித்த சிரிப்பில் பெயிண்டர்கள் இருவரும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள்.