படத்துக்குப் பின்னால் இருந்த கட்டம்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டுக்காரர், பல்கலைக்கழக வெப்சைட்டைத் தான்தான் பார்த்துக்கொள்வதாகப் பக்கத்திலிருந்த பார்வையில்லாத மாணவரிடம் பெருமையாகச் சொன்னார்.

"அப்ப, துணைவேந்தர் போட்டோவுக்கு 'சொட்டத்தலை, வேற படம் கேக்கணும்'னு எழுதுனது நீங்கதானா சார்?"

அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"அது படத்துக்குப் பின்னால விவரம் எழுதுத கட்டம்லா தம்பி. வெளிய யாருக்கும் தெரியாதே."

"படம் வந்தா எங்க போன் அதத்தான் சார் வாசிச்சுச் சொல்லுது. அந்தக் கட்டமே எங்களுக்குத்தான."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எவ்வளவு நாளா கேக்கிய?"

"நான் சேந்ததுலருந்து. ஹாஸ்டல்ல எங்க எல்லாருக்கும் மனப்பாடம்."

"துணைவேந்தருக்குத் தெரியுமா?"

"அவருக்குத்தான் கண்ணு நல்லாத் தெரியுமே சார். அவரு எப்படிக் கேப்பாரு?"

குற்றாலத்துக்கு டிக்கெட் எடுத்திருந்தவர் மேலகரத்திலேயே இறங்கிவிட்டார்.