வெட்டுப்பட்டும் நிற்கும் செம்மறி

பேரன்பும் பெருந்தன்மையும் கொண்ட பங்குத்தந்தை அவர்களே! தலைமை நாற்காலியில் அமர்ந்து, நான் எப்போது நீட்டி முழக்குவேன் என்று மணியைக் கையிலேயே வைத்துக் காத்திருக்கும் திருப்பணிக் குழுத் தலைவர் அவர்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோர்களே! பின்வரிசையில் பேசிக்கொண்டிருக்கும் இளையோர்களே! பெற்றதோடு விடாமல் இன்னும் எங்களைச் சுமந்துகொண்டே இருக்கும் தாய்மார்களே! நிறைவாக, என் காலடியில் அமர்ந்து என்னையே அண்ணாந்து பார்க்கும் பூனையாரே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

சிரியுங்கள், சிரியுங்கள். இன்று இரண்டு முறை குளித்தேன். வாசனைச் சோப்பில் பாதியைக் கரைத்தேன். என் வீட்டம்மா என்னைச் சுற்றி வந்து முகர்ந்து பார்த்து, "இப்ப பூக்கடைக்காரர் மாதிரி இருக்கீங்க, தைரியமாப் போங்க" என்று சான்றிதழ் கொடுத்து அனுப்பினாள். மேடைப் படியேறும்போது நீங்கள் தட்டிய கைதட்டல் எனக்குத்தான் என்று நெஞ்சை நிமிர்த்தினேன். திரும்பிப் பார்த்தால், வாலைத் தூக்கிக்கொண்டு இவர் பின்னால் வருகிறார்! சபையை ஏமாற்றலாம், பூனையை ஏமாற்ற முடியுமா? ஆம் ஐயா, நான் கறிக்கடைக்காரன்தான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைப் பிரிந்தது. யார் அதிகம் மகிழ்ந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

அன்புடையீர்! நாம் எதற்காகக் கூடியிருக்கிறோம்? பீடத்துக்குப் பின்னால் உள்ள சுவரில் என் மகள் ஒரு செம்மறியை வரைந்திருக்கிறாள். போன வருடம் மருத்துவமனையிலிருந்து அவள் மீண்டு வந்தபின் கையிலெடுத்த முதல் வேலை அது. அதை அப்படியே விடுவதா, வெள்ளையடித்து மறைப்பதா? இதுதான் கேள்வி. சுண்ணாம்பு வாளி வாசலில் தயாராக இருக்கிறது. வரும்போதே நான் பார்த்தேன்.

என்னம்மா கேட்கிறீர்கள்? மகளுக்கு அப்பன் வக்காலத்தா என்றா? இல்லையம்மா, இல்லை! என்னை அழைத்தது வக்காலத்துக்கு அல்ல, சாட்சிக்கு. அதுவும் மகளுக்கு எதிர்ச்சாட்சிக்கு!

நடந்தது இதுதான். மருந்துக்கடை நடத்தும் நம் தலைவர் சென்ற வாரம் என் கடைக்கு வந்தார். கத்தி என் கையில், பேச்சு அவர் வாயில்.

"அண்ணே, பாப்பா வரைஞ்சதைப் பாத்தீங்களா? நெஞ்சுல வெட்டு. ரத்தம் கிண்ணத்துல ஊத்துது. ஆனா ஆடு ஜம்முனு நிக்குது. அப்படி நிக்குமா?"

என் வாய் சும்மா இருந்ததா? "எங்கேருந்து தம்பி நிக்கும்? வெட்டு விழுந்தா முன்னங்கால்தான் முதல்ல மடங்கும். அதுல ஒரு காலை மடிச்சு, அந்த மடிப்புக்குள்ள கொடிக்கம்பை வேற அணைச்சுக்கிட்டு நிக்குது! ஆடு எந்தக் காலத்துல கம்பு பிடிச்சுது? என் பொண்ணுக்கு ஆடே தெரியலை."

"இதை அப்படியே மேடையில சொல்லணும்ணே."

"சொல்லிட்டாப் போச்சு!"

கறியை அளந்து வெட்டத் தெரிந்த எனக்கு, பேச்சை அளந்து வெட்டத் தெரியவில்லை.

மறுநாள் மதியம் அவளுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கோயிலுக்குள் போனேன். சாரத்தின்மேல் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். முழங்கை வரை சிவப்பு, மூக்கு நுனியில் வெள்ளை. என்னைப் பார்த்ததும், "வாங்கப்பா. ஆட்டைப் பத்திக் கடையில பாடம் எடுத்தீங்களாமே?" என்றாள்.

"பாடம் இல்லம்மா, உள்ளதைச் சொன்னேன். வெட்டின ஆடு நிக்காது."

"தெரியும்பா. உங்க கடையிலதானே வளந்தேன்? நிக்காதுன்னு தெரிஞ்சுதான் நிக்க வெச்சேன்."

நான் சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்தேன். அவள் விடவில்லை.

"வெட்டே படாம நின்னா அது மேய்ச்சல் படம். வெட்டுப்பட்டுக் கிடந்தா அது உங்க கடைப் பலகை. வெட்டுப்பட்டும் நிக்குது பாருங்க, அதுதாம்பா உயிர்ப்பு!"

"சரிம்மா. அந்தக் கம்பு?"

"பிடிச்சுக்கிட்டா நிக்கலாம்பா" என்றாள். தூரிகையை நனைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள்.

பெரியோர்களே! அன்று மாலை அவளுடைய தடித்த தடித்த புத்தகங்களை என் மடியில் வைத்துப் புரட்டினேன். எழுத்து எனக்கு எட்டவில்லை, படங்கள் எட்டின. எங்கெல்லாம் நிற்கிறது இந்தச் செம்மறி! பூமிக்கடியில், புதைகுழிச் சுவர்களில், அகல் வெளிச்சத்தில் அன்றைய விசுவாசிகள் வரைந்தார்கள்; மேய்ப்பன் தோளில் சுகமாகப் படுத்திருந்தது. பின்னால் வந்தவர்கள் வண்ணக் கற்களைப் பதித்தார்கள். நான்கு ஆறுகள் பாயும் குன்றின் உச்சியில் ஏறி நின்றது. தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் வைத்தார்கள், வட்டத்துக்குள் சிலுவை வைத்தார்கள். ஆண்டவருக்கே திருமுழுக்கு கொடுத்த அந்த வனாந்தரத்துத் துறவியை வரைந்தவர்கள், 'இதுதான் நம் ஆண்டவர்' என்பதுபோல அவர் விரலை இதன் பக்கமே நீட்டி வைத்தார்கள்!

மகள் சொன்ன இன்னொன்றையும் கேளுங்கள். ஒரு காலத்தில் சபைப் பெரியோர் கூடி, "ஆட்டுக்குட்டி போதும், ஆண்டவரை இனி மனித உருவில்தான் வரைய வேண்டும்" என்று தீர்மானமே போட்டார்களாம். தலைவர் ஐயா, அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள், முடிவையும் கேளுங்கள்! செம்மறி போய்விட்டதா? போகவில்லை! ஒரு தேசத்தில் தடுத்தால் மறு தேசத்தில் தலை தூக்கியது. கல்லில் நின்றது, கண்ணாடியில் நின்றது, பீடத்துணியின் தையலில் நின்றது, நாம் உட்கொள்ளும் அப்பத்தின்மேல் அச்சாகவும் நின்றது. நூற்றாண்டுகளைத் தாண்டி வந்த செம்மறி, வாசலில் இருக்கும் ஒரு வாளிச் சுண்ணாம்புக்கா அஞ்சும்?

அரசர்கள் கொடியில் எதை வரைந்தார்கள்? பல்லிருப்பதை வரைந்தார்கள், நகமிருப்பதை வரைந்தார்கள். சிங்கத்தை வரைந்தார்கள், கழுகை வரைந்தார்கள். பல்லால் கடிக்காத, நகத்தால் கீறாத, அடிக்க வந்தாலும் கத்தத் தெரியாத ஒன்றின் காலில் வெற்றிக்கொடியைக் கொடுத்தவர்கள் யார்? நம் முன்னோர்! எத்தனை துணிச்சல் அவர்களுக்கு! கொன்றவன் கையில் இல்லை ஐயா கொடி. கொல்லப்பட்டதன் காலில் இருக்கிறது கொடி!

யார் அது பின்வரிசையில்? "அப்போ நாளைக்குக் கடை உண்டாண்ணே?" என்கிறான் ஒரு தம்பி. கடை உண்டு தம்பி, காலையிலேயே வா. உனக்குக் கழுத்தெலும்பாகப் பார்த்துத் தருகிறேன்.

பிள்ளைகள் ரத்தத்தைக் கண்டு பயப்படுவார்கள் என்றார்கள். முழங்காலில் சிராய்ப்பில்லாத பிள்ளை ஒன்றை இங்கே கொண்டு வாருங்கள் பார்ப்போம்! அடிபடாமல் யார் வளர்ந்தது? அடிபட்ட பின்னும் எழுந்து நிற்கலாம் என்று ஒரு சுவராவது சொல்லட்டுமே!

இனி என் சாட்சி. தலைவர் அவர்களே, கடையில் நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. வெட்டுப்பட்ட ஆடு நிற்காது. நாள்தோறும் பார்க்கிறேன், ஒன்றுகூட நின்றதில்லை. ஒன்றுகூட! அதனால்தான் சொல்கிறேன், நிற்கிற ஒன்று நமக்கு வேண்டும்! விழுந்ததை மட்டுமே பார்த்துப் பழகிய என்னைப் போன்றவனுக்கு வேண்டும்! விழுந்து கிடக்கும் ஒவ்வொருவருக்கும் வேண்டும்!

கையைத் தூக்கி வாக்களிக்கச் சொன்னார்கள். கை வேண்டாம். நிற்கும் செம்மறிக்கு நின்றே வாக்களிப்போம். சுவரில் அது இருக்கட்டும் என்பவர்கள், எழுந்து நில்லுங்கள்!

ஆகா! முன்வரிசை எழுகிறது. ஐயா பெரியவரே, மெதுவாக, மெதுவாக, தடியை ஊன்றிக்கொள்ளுங்கள். தாய்மார்கள் எழுகிறார்கள், இடுப்பில் பிள்ளையோடு எழுகிறார்கள். பின்வரிசை பெஞ்சுமேலேயே ஏறிவிட்டது. பூனையாரும் எழுந்துவிட்டார்! தலைவர் ஐயா... மணியைக் கீழே வைத்துவிட்டு... நீங்களுமா! ஐயா, நாளைக்கு உங்களுக்கு எலும்பே இல்லாமல் தருகிறேன்!

அந்தச் சுண்ணாம்பை வீணாக்க வேண்டாம். வெளிச்சுவர் கறுத்துக் கிடக்கிறது, அதற்கு அடியுங்கள். சாட்சிக்கு அழைத்த தலைவருக்கும், சிரித்த வாய்களுக்கும், நின்ற கால்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. போய் வருகிறேன், வணக்கம்.

மேடையில் சொல்லாமல் வைத்துக்கொண்டது ஒன்று உண்டு. அறுவைச் சிகிச்சைக்குப் பின் அவள் கட்டிலைவிட்டு முதன்முதலாக எழுந்த காலையில், நான் அந்த அறைவாசலில் நின்றிருந்தேன். நெஞ்சில் கட்டு. மருந்துநீர்ப் பை தொங்கிய இரும்புக் கம்பை முழங்கை மடிப்புக்குள் அணைத்துக்கொண்டு நின்றாள். நான் பார்த்தது அவளுக்குத் தெரியாது. சாரத்தின் கீழே அன்று அண்ணாந்து பார்த்தபோதுதான், செம்மறிக்கு அந்தக் கம்பைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது யார் என்று எனக்குத் தெரிந்தது.